உள்ளே விட்ட துணி

மார்பு முப்பத்திரண்டு என்று நான் சொல்ல
மேசையடியில் நிஸ்தார் எழுதுவான்.
வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால், மாடியில்,
வாடகைக் கோட் கடை.
கீழே நூற்றியோராம் நம்பர் பஸ் அடிக்கிற ஹோர்னுக்கு மேலாகக்
கத்தித்தான் சொல்லவேண்டும்.
அளவுக்கு யாரும் வெட்கப்பட்டதில்லை
என்று நினைத்திருந்தேன்.

பிழை.
வெட்கம் மூச்சில் இருந்தது.
நாடாவை நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவரும்போது
காற்றை இழுத்து நிறுத்திக்கொள்வார்கள்,
ஓரங்குலமாவது கூட வரட்டும் என்று.
யோகரட்ணம் என்று ஒருவர்
பங்குனி வெக்கையில் இரண்டு பெனியன் போட்டு வந்தார்.
லொட்ஜில் இரவுக்கு மட்டும் பாணும் பருப்பும்.
கோட் கலியாணத்துக்கு அல்ல, ஒரு படத்துக்கு.
ஒரு மணித்தியால வாடகை.
முதுகுப் பக்கம் நாலு துணிக் கிளிப் கவ்விப் பிடிக்க
முன்பக்கம் ஆள் நிறைந்து நின்றார்.
படம் கனடாவுக்குப் போனது.
பெண்வீட்டார் முதுகையா பார்க்கப் போகிறார்கள்.

எண்பத்தெட்டில் இருபத்திரண்டு கோட் தைப்பித்தேன்.
எல்லாம் முப்பத்திரண்டு, முப்பத்துநாலு.
பெருத்த ஆளுக்கென்று ஒரேயொரு முப்பத்தெட்டு.
அது அலுமாரியிலேயே தொங்கி
பூச்சி உருண்டை மணத்தோடு வயதுக்கு வந்தது.
தைத்த பியசேன தையல் ஓரமெல்லாம்
இரண்டு விரல் துணி உள்ளே மடித்து விட்டிருந்தான்.
வீண் செலவு என்று அவனோடு சண்டை பிடித்தேன்.

அந்த இரண்டு விரலையும் தின்று முடித்தாயிற்று.
முதலில் அக்குளடியில் பிரித்தோம், பிறகு முதுகில்.
பிரித்த இடத்தில்
கறுப்புக்குள் இன்னும் கறுப்பாக ஒரு கோடு,
வெயிலே காணாத துணி.

இப்போது வருகிறவர்கள்
நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிறார்கள்.
கண்ணாடியை நாலங்குலம் தூக்கி அடித்தேன்.
போதவில்லை,
அகலமாக ஒன்று வாங்கினேன்.
அதில் மகனும் தகப்பனும் சேர்ந்து தெரிவார்கள்,
தகப்பனின் தலை மகனின் தோளுக்கு.
ஒரே சாயல்தான்.
ஒருவரை நகல் எடுத்துப் பெருப்பித்தது போல.

அதுவும் ஒரே சீராகப் பெருக்கவில்லை.
பெற்றோல் வரிசை வருஷம்
நாற்பத்துநாலுகள் நாற்பதாக வந்து நின்றன.
மறந்துபோன கிளிப் டப்பாவை
நிஸ்தார் எங்கிருந்தோ தேடி எடுத்தான்.
ஒருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.
வாடகையில் இருநூறு குறைத்தேன்.

முப்பத்திரண்டுகளை விற்கவில்லை.
மாணவத் தலைவர் விழாவுக்குப் போகின்றன.
போன மாதம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன்
பட்டன் போடும்போது நெளிந்தான்,
இறுக்குது என்றான்.
யோகரட்ணம் மாப்பிள்ளையாக நின்ற கோட்.

நேற்று ஷயந்தன் வந்தான், கூடவே அவன் கட்டப்போகிறவள்.
அவள் சோபாவில் போனோடு இருந்தாள்.
நாடாவை விரித்ததும் காதடியில் சொன்னான்,
"அங்கிள், நம்பரைச் சத்தமாச் சொல்லாதீங்க."
சொல்லிவிட்டு மூச்சை இழுத்தான்.

அதே மூச்சு.
அவர்கள் நெஞ்சைக் காட்ட இழுத்தது,
இவன் வயிற்றை ஒளிக்க இழுக்கிறான்.
நாடாவுக்கு வித்தியாசம் தெரியாது.
எனக்குத் தெரிய
முப்பத்தைந்து வருஷம் பிடித்திருக்கிறது.

கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போய் முடியும்வரை
நாடாவைப் பிடித்தபடி நின்றேன்.
எவ்வளவு நேரம்தான் இழுத்து வைத்திருப்பான்.
"விடுங்க தம்பி," என்றேன்.
விட்டான்.
கை கொஞ்சம் பின்னால் போனது.

துண்டில் எழுதி நிஸ்தாரிடம் நீட்டினேன்.
அவனுக்கு இப்போது வெள்ளெழுத்து.
துண்டைக் கண்ணுக்குக் கிட்டவும் தூரவுமாகப் பிடித்து,
பஸ் ஹோர்னுக்கு மேலாக,
அந்த நாள் குரலில் கேட்டான்,
"நாற்பத்தாறரையா?"

சோபாவில் இருந்தவள் போனிலிருந்து தலை எடுக்கவில்லை.
"நாற்பத்தெட்டே எடுங்க," என்றாள்.
"அன்றைக்கு அவர் சாப்பிடவும் வேணும்தானே."